அம்பாசமுத்திரத்தில் குடியேறலாமா? வெயில், ஆற்றுக்குளியல், அன்றாட வாழ்க்கை

வேளச்சேரிக்காரர் (கேள்வி)

வணக்கம். நானும் என் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் இருக்கிறோம். வரும் ஜனவரியில் எனக்குப் பணி ஓய்வு. பொதிகை மலையடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய ஊரில் மீதி நாட்களைக் கழிக்க வேண்டும் என்பது எங்கள் இருவருடைய நெடுநாள் ஆசை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எண்ணுகிறோம். காலையில் நடை, ஆற்றில் குளியல், வாரத்தில் ஒரு நாள் அருவி அல்லது பறவை பார்த்தல், இவ்வளவுதான் எங்கள் தேவை. மனைவிக்கு ஆஸ்துமா உண்டு. ஆண்டு முழுவதும் அங்கே வெயிலும் காற்றும் எப்படி இருக்கும், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஊர்கள் ஏற்றவையா என்பதை, அங்கேயே வாழ்கிறவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்லிடைவாசி

ஐயா, வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது கல்லிடைக்குறிச்சியில். ஆற்றுக்கு வடகரையில் அம்பை, தென்கரையில் நாங்கள்.

மாசிக் கடைசி முதல் வைகாசி வரை இங்கேயும் கடும் வெயில்தான். நெல்லையில் 38, 39 டிகிரி அடிக்கிற நாளில் மலையடிவாரம் என்பதால் பெரிய சலுகை எதுவும் கிடைக்காது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஊரின் முகமே மாறிவிடும். மழையின் பெரும்பகுதி மலைக்கு மேலும் மலைக்கு அந்தப் பக்கமும் கொட்டித் தீர்ந்துவிட, நமக்கு வந்து சேர்வது மேகமும் மேல்காற்றும் அவ்வப்போது சாரலும்தான். ஆனால் மலையில் பெய்த அந்த மழை பாபநாசம் அணை என்றும் சொல்லப்படும் காரையாற்று அணைக்கு வந்து ஆறாக இறங்குவதால், ஊருக்குள் நல்ல மழையே இல்லாத ஆனி, ஆடியிலும் படித்துறையில் தண்ணீர் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஊருக்குள்ளேயே பெய்யும். ஓர் ஆற்றுக்கு இரண்டு பருவமழையும் வாய்த்திருப்பதால்தான் இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. இன்று எத்தனை அடி என்பதைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காபியைக் கையில் எடுப்பார்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் துணி இரண்டு நாளானாலும் காயாது. எங்கள் தெருவில் அப்பளம் இடுகிற பெண்கள், மேகம் விலகி வெயில் தலைகாட்டும்போது பாயை விரித்து, தூறல் விழுந்ததும் ஓடிவந்து சுருட்டுவதை அந்த மாதங்களில் நாள்தோறும் பார்க்கலாம். என் தாயாருக்கும் இளைப்பு இருந்தது. அவருக்கு மேல்காற்றைவிட மார்கழிப் பனிதான் அதிகம் துன்பம் தந்தது. ஒவ்வொருவர் உடம்புக்கும் இது மாறும் என்பதால், வீடு வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே நல்லது. அம்பையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளித் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

ஆற்றோரத்தெரு

மேலே சொன்னவை அனைத்தும் சரி. வெள்ளத்தைப் பற்றி ஒருவரும் சொல்லாததால் நான் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது நினைவிருக்கும். மலையிலும் அப்படியே கொட்டியது. அணைகளிலிருந்து வந்த நீரும் காட்டாறுகளின் நீரும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கின. முன்னிரவில் எங்கள் வாசற்படிக்குக் கீழே நின்ற தண்ணீர், பால்காரர் வரும் நேரத்துக்குள் ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. சுவரில் வண்டல் படிந்த கோடு இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரிகிறது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த என் மாமனார், அன்று இதைவிடக் கொடுமையாக இருந்தது என்கிறார்.

ஆகவே, ஆறு தெரிகிற வீடு என்று தரகர் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். 1992-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருவில் பழைய குடியிருப்புக்காரர் இருவரிடமாவது கேளுங்கள். பத்து நிமிடம் நடந்து ஆற்றுக்குப் போகிற மேட்டுத்தெரு வீடே உங்களுக்குப் போதும். அதுவே உங்கள் காலை நடையாகவும் ஆகிவிடும்.

கால்வாய்க்கரை

வெளியே சுற்றுவதைப் பற்றி நான் சொல்கிறேன். பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவியில் ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும். மணிமுத்தாறு அருவியில் வெள்ளம் பெருகினால் வனத்துறை குளிக்கத் தடை விதித்துவிடும். மலைப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், சோதனைச்சாவடியில் நிறுத்திப் பிளாஸ்டிக், மது இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள். அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் காடு இன்னும் காடாக இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். விக்கிரமசிங்கபுரத்தைத் தாண்டி அடிவாரச் சிற்றூர்களில் வீடு பார்த்தால் சிறுத்தை, கரடி நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு தனியாக நடக்க வேண்டாம்.

பறவை பார்க்க மலைக்கே போக வேண்டியதில்லை. வீரவநல்லூருக்கு அருகே, கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற திருப்புடைமருதூருக்குப் போங்கள். ஊர் நடுவே மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். ஊர் மக்களே காத்துவந்த அந்த இடத்தை 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். நான் சைக்கிளில் கன்னடியன் கால்வாய்க் கரையோரமாகவே போய்வருவேன். பிசான நடவு முடிந்த வாரங்களில் இரண்டு பக்கமும் பச்சையாக இருக்க, பின்னால் பொதிகை நீலமாக நிற்கும். அப்போது சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பதே வழக்கமாகிவிட்டது.

ஒரு வேண்டுகோள். குடியேறுகிறவர்கள் சோப்பும் ஷாம்பூவும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு வர வேண்டாம். பரிகாரம் என்று பாபநாசத்தில் விட்டுச்செல்கிற துணிகளே கணக்கில்லாமல் பாறையிடுக்குகளில் சிக்கிக் கிடக்கின்றன. சென்ற கோடையில் நாங்கள் சிலர் இறங்கி இழுத்தபோது ஒரே இடத்தில் ஆறு சாக்கு நிறைந்தது. கீழே உள்ள ஊர்கள் எல்லாம் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

வேளச்சேரிக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேட்டுத்தெருவில் ஓராண்டு வாடகை என்று முடிவு செய்துவிட்டோம். சாரலை மனைவியின் உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்க்க, ஜூனில் ஒரு முறை வந்து பத்து நாள் தங்கப் போகிறோம். நீச்சல் தெரியாத என் மனைவி எந்த இடத்தில் இறங்கலாம்?

கல்லிடைவாசி

காலை ஆறு மணிக்குள் பெண்கள் கூடும் படித்துறைக்கு வரச் சொல்லுங்கள், ஐயா. அங்கே ஆள் துணை இருக்கும். மூன்றாம் படிக்குக் கீழே பாசி வழுக்கும். அந்தப் படியிலேயே உட்கார்ந்து செம்பில் மொண்டு குளிக்கலாம். தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கி வந்தால் மலையில் மழை என்று பொருள். அன்று ஒருவரும் இறங்கக் கூடாது.