ஃபிராங்ஃபர்ட்டுல ஒரே ஒரு சாயங்காலம், நடந்தே சுத்தணும், எந்தப் பக்கம் போலாம்?

அஸ்தம்பட்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கம்பெனி வேலையா ஜூன்ல ஜெர்மனி ஃபிராங்ஃபர்ட் போறேன், பகல் பூரா மீட்டிங், ஒரு சாயங்காலந்தான் ஃப்ரீ. ரூம் மெயின் ஸ்டேஷன் பக்கத்துலயே. டாக்ஸி, டூர் பஸ் எதுவும் வேணாம், கால் போற போக்குல ஊரப் பாக்கணும்னு ரொம்ப ஆசை. நெட்ல தேடுனா வெறும் பேங்க் பில்டிங்கா வருது, பாக்க என்ன இருக்கு? இருட்டுன பிறகு தனியா நடக்கலாமா? நான் சைவம் வேற.

சூரமங்கலம்:
தம்பி, நான் அந்த ஊர்ல வேலை பாத்தவன், தாராளமா நடக்கலாம். ஜூன்ல ஒன்பதரை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால அவசரமே வேணாம். ஸ்டேஷன விட்டு வெளிய வந்ததும் எதுத்தாப்ல கைசர் ஸ்ட்ராஸ, அதுலயே நேரா போங்க, ஸ்டேஷன ஒட்டுன சந்துங்கள்ல போதைப் பழக்கக்காரங்க உக்காந்திருப்பாங்க, இருட்டுன பிறகு அந்தப் பக்கம் மட்டும் வேணாம். கொஞ்ச தூரத்துல பெரிய நீல யூரோ சின்னம் நிக்கும், அங்கிருந்து ரோமர்பெர்க் சதுக்கம் பக்கந்தான்.

அங்க மரச்சட்டம் போட்ட வீடுங்கள பாத்துட்டு ஐநூறு வருசப் பழசுன்னு நெனைப்பீங்க, ஆனா 1944 மார்ச்ல குண்டு போட்டு பழைய ஊர் மொத்தமா எரிஞ்சு போச்சு, நீங்க பாக்குற அந்த வரிசை 1980கள்ல கட்டுனது. அதுக்குப் பின்னாடி இருக்கற தெருவுங்க இன்னும் புதுசு, ஒரு பெரிய கான்கிரீட் ஆபீஸ இடிச்சுட்டு அந்த எடத்துல 35 வீடு கட்டி 2018ல தெறந்தாங்க, அதுல 15 வீடு முன்ன இருந்த அதே மாதிரி. போலின்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணல, எரிஞ்சு போனத திரும்ப வேணும்னு ஒரு ஊரே கேட்டிருக்குல்ல. நம்ம சேலம் செவ்வாப்பேட்டைல தூண் வச்ச பழைய வீட்ட இடிக்கறத பாக்குறப்பல்லாம் எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வருது.

ஏற்காடு காபி:
அண்ணன் சொன்னது சரிங்க, ஆனா அந்த ஊரோட முகமே கோபுரக் கட்டடங்கதான், அத விட்றாதீங்க. மைன் டவர்ங்கற கட்டடத்து மேல ஏற விடுவாங்க, டிக்கெட் உண்டு, 200 மீட்டர் ஒயரம், மழை காத்துன்னா மூடிருவாங்க.

சூரமங்கலம்:
மேல ஏறுனா நல்லாத்தான் இருக்கும், இல்லைங்கல, ஆனா ஒரு சாயங்காலந்தான் இருக்குன்னா நான் ஆத்தங்கரைக்குத்தான் அனுப்புவேன். ரோமர்பெர்க்ல இருந்து ரெண்டு நிமிசம் நடந்தா மைன் ஆறு, அதுல ஐசர்னர் ஸ்டெக்னு இரும்புப் பாலம், நடக்கறவங்களுக்கு மட்டும். 1868-69ல ஊர் ஜனங்களே பணம் போட்டு கட்டுனது, 1945ல பின்வாங்கிப் போன ஜெர்மன் ராணுவமே அத வெடி வச்சு தகர்த்துச்சு, அடுத்த வருசமே திரும்ப நிமித்திட்டாங்க. பாலத்த தாண்டி தென்கரைக்குப் போய் திரும்பிப் பாருங்க, தேவாலயக் கோபுரமும் பேங்க் கட்டடமும் ஒரே பார்வைல வரும், 259 மீட்டர் கொமர்ஸ்பேங்க் கட்டடம் இருட்டுனதும் மஞ்சளா எரியும். அந்தத் தேவாலயந்தான் அந்தக் காலத்துல பேரரசர்களுக்கு முடிசூட்டுன எடம் தம்பி.

ஏற்காடு காபி:
சாப்பாட்டுக்கு தென்கரைலயே சாக்சன்ஹவுசன் போங்க, ஏழு வகை பச்சத் தழை போட்ட க்ரூன சோசன்னு ஒரு சாஸ், அவிச்ச உருளக்கெழங்கோட தருவாங்க, முட்ட வேணாம்னு முன்னாடியே சொல்லிருங்க. அப்புறம், சைக்கிள் பாதைல நடக்காதீங்க, வேகமா வருவாங்க.

அஸ்தம்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றிங்க, ஆத்தங்கரைதான்னு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழமையா அமைஞ்சா?

சூரமங்கலம்:
கடைத்தெரு பூரா மூடியிருக்கும் தம்பி, ஹோட்டலுங்க இருக்கும். தண்ணி, பழம் வேணும்னா ஸ்டேஷனுக்குள்ள கடைங்க தெறந்திருக்கும், கெளம்புறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்கங்க.