'போலிக் காசநோய்' வேண்டாம்: திரிசீழ் நெறிக்கட்டி

அன்பர்களுக்கு வணக்கம். ஆடுகளின் நிணநீர்க்கணுக்களில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் 'கேசியஸ் லிம்ஃபடினைட்டிஸ்' (caseous lymphadenitis) என்ற நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை:

> நுண்ணுயிரியின் பெயரிலேயே போலிக் காசம் இருக்கிறது. 'போலிக் காசநோய்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

இதற்கு நான் ஒப்பவில்லை. கொரினிபாக்டீரியம் சூடோடியூபர்குலோசிஸ் என்ற பெயருக்குப் பொருள் அதுதான், சரி. ஆனால் இந்தச் சொல்லை எழுதப்போகிறவர் இறைச்சி ஆய்வாளர். வெட்டித் தொங்கவிட்ட ஆட்டின் தோளுக்கு முன்னால் உள்ள நிணநீர்க்கணு எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருக்கிறது. கத்தியால் கீறுகிறார். உள்ளே பச்சை படர்ந்த வெள்ளைச் சீழ், ஓடாமல் பசைபோல அப்பி நிற்கிறது. செம்மறியாக இருந்தால், நறுக்கிய வெங்காயம்போல அடுக்கடுக்காகவும் தெரியும். நுரையீரலிலும் ஈரலிலும் இதே கட்டிகள் இருக்கலாம். உயிரோடு நின்றபோது மெலிவைத் தவிர வேறெதையும் அவை பெரும்பாலும் காட்டியிருக்காது.

இதைப் 'போலிக் காசநோய்' என்று அறிக்கையில் எழுதினால், படிப்பவர் கண்ணில் 'காசநோய்' மட்டுமே நிற்கும். வெள்ளாட்டுக்கு உண்மையான காசநோயும் வரும், அது மனிதருக்கும் தொற்றும். அதன் புண்ணும் நுரையீரலிலும் கணுக்களிலும்தான் இருக்கும். பல சமயம் சுண்ணாம்பு ஏறி, கீறும்போது கத்தியில் நறநறக்கும். நம் நோயோ ஓரிரு கணுக்களோடு நின்றிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் கழித்தால் போதும். உடல் முழுக்கப் பரவி, ஆடும் மெலிந்திருந்தால்தான் முழு உடலையும் கழிக்க வேண்டும். ஏற்கெனவே 'தொண்டை அடைப்பான்' என்ற ஒரே பெயர் குழந்தையின் டிப்தீரியாவுக்கும் மாட்டின் வேறொரு நோய்க்கும் வழங்கி எவ்வளவு குழப்புகிறது! இன்னொன்றை நாமே உண்டாக்க வேண்டாம்.

அப்புறம், ஆங்கிலப் பெயரில் உள்ள 'கேசியஸ்'. பாலாடைக்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'பாலாடைக்கட்டிச் சீழ்க்கட்டி' என்றால் கட்டிக்கு மேல் கட்டி. 'தயிர்ச்சீழ்' என்று எழுதிப் பார்த்தேன். உணவின் பெயரை இங்கே ஒட்ட மனம் வரவில்லை. பால் திரிந்துவிட்டது என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சீழும் அப்படித்தான் நீர் வற்றி இறுகுகிறது. ஆகவே திரிசீழ், வினைத்தொகை.

நிணநீர்க்கணு வீங்கினால் 'நெறி கட்டியிருக்கிறது' என்று நாம் சொல்வதில்லையா? அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டேன்: திரிசீழ் நெறிக்கட்டி. பாடநூலில் 'திரிசீழ் நிணநீர்க்கணு அழற்சி' என்று விரித்து எழுதலாம். ஈரலில் கண்டால் 'ஈரல் திரிசீழ்க்கட்டி'. காசநோயில் திசு இதேபோல் இறுகிச் சிதைவதற்குத் 'திரிசிதைவு' என்று வைத்தால், இரண்டிலும் பொதுவான தன்மைக்கு ஒரே வேர் கிடைக்கிறது, நோய்ப் பெயர்களும் கலக்கவில்லை.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. சீழ்ப்புண்ணுக்குத் திரி வைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. 'திரிசீழ்' என்றதும் அந்தத் துணித்திரி நினைவுக்கு வரலாம். 'திரைசீழ்' என்றால் இது தீரும், திரைதலும் உறைதல்தானே. ஆனால் காதில் முதலில் விழுவது திரைச்சீலையின் திரை. இரண்டில் எது உங்களுக்கு உறுத்தவில்லை?