பல நாள் பட்டினியில் கரை சேர்ந்தவருக்கு முதல் சாப்பாடு என்ன?

தூத்தூர்_கரை:
தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகும் போட்டுகளில் ஒட்டி வைக்க எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. எஞ்சின் பழுதாகி, வயர்லெசும் கிடைக்காமல், போட்டு நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) இழுபட்டு 15, 20 நாள் கழித்து ஆட்கள் மீட்கப்பட்டால் என்ன செய்வது என்பதுதான் பொருள். ஒக்கி புயல் (2017) சமயத்தில் இருந்தே இதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. இங்கே வழக்கம் தெரிந்ததுதான்: இறங்கியதும் இளநீர், குளுக்கோஸ் கலக்கிய தண்ணீர், வீட்டுக்குப் போனால் சுடுசோறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மீன்கறி. நர்சிங் படித்த ஒரு பிள்ளை, "வயிறு நிறையக் கொடுத்தால் ஆளே போய்விடும்" என்கிறாள். பெரியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். காரணத்தோடு யாராவது விளக்க முடியுமா? அளவும் வேண்டும்.

வேளிமலை (பொது மருத்துவம்):
அந்தப் பிள்ளை சொன்னது சரி. ஏன் என்று புரிய, உடம்பு பட்டினியை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கல்லீரலில் கிளைகோஜன் என்ற சேமிப்பு சுமார் 100 கிராம் இருக்கும். சாப்பாடு நின்றால் ஏறக்குறைய ஒரு நாளில் அது தீரும். தசையில் 400 கிராம் வரை உண்டு, ஆனால் தசை அதை ரத்தத்துக்குத் தராது, தானே எரித்துக்கொள்ளும். மூளைக்கோ தினம் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பில் இருந்து குளுக்கோஸ் மிகக் கொஞ்சம்தான் எடுக்க முடியும். அதனால் முதல் சில நாள் உடம்பு தன் தசையையே உடைக்கிறது, தினம் 75 கிராம் புரதம் அளவுக்கு. இப்படியே போனால் யாரும் ஒரு மாதம் தாண்ட மாட்டார்கள். மூன்றாம் நாள் வாக்கில் கல்லீரல் கொழுப்பில் இருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளைச் செய்து அனுப்பத் தொடங்கும். சில வாரங்களில் மூளை தன் தேவையில் பாதிக்கு மேல் அதிலேயே ஓட்டும், புரத இழப்பு தினம் 20 கிராமுக்கு இறங்கும். வெறும் தண்ணீரில் 1929-இல் லாகூர் சிறையில் விடுதலைப் போராளி ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதம் இருந்ததும், சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-இல் தொடங்கிய உண்ணாவிரதம் அக்டோபர் 13-இல் அவர் உயிர் பிரியும் வரை நீண்டதும் இந்த மாற்றத்தால்தான். தண்ணீரும் இல்லையென்றால் கணக்கு நாட்களில் முடிந்துவிடும்.

கூடவே உடம்பு செலவைக் குறைக்கும். தைராய்டு சுரப்பின் வேகம் தணியும், நாடி 50-க்குக் கீழே போகும், ரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் இறங்கும். அமெரிக்காவில் 1944–45-இல் மின்னசோட்டாவில் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். எடையில் கால்வாசி போனது, ஓய்வில் உடம்பு எரிக்கும் சக்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. இதயத் தசையும் சுருங்கும் என்பதை மறக்கக்கூடாது.

ஆபத்து இனிமேல்தான். பட்டினி நாட்களில் செல்களுக்குள் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மெல்ல மெல்லக் கழிந்துபோகும். ரத்தத்தில் அளவு சரியாகவே தெரியும், ஏமாற்றும். இந்த நிலையில் ஒரு தட்டுச் சோறு உள்ளே போனால் இன்சுலின் ஒரேயடியாக ஏறும். குளுக்கோஸோடு இந்த மூன்று உப்புகளும் செல்களுக்குள் பாய, ரத்தத்தில் திடீர்ப் பஞ்சம். பாஸ்பேட் இல்லாமல் எந்தத் தசைக்கும் சக்தி கிடையாது: மூச்சுத் தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்து வைப்பதால், சுருங்கிப்போன இதயத்தின் மேல் அந்தச் சுமையும் ஏறும். இரண்டாம் உலகப் போர் முடிவில் ஜப்பானிய முகாம்களில் இருந்து மீண்ட கைதிகள் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்தது இப்படித்தான்.

இன்னொன்று தயமின், அதாவது வைட்டமின் பி1. உடம்பில் மொத்த இருப்பே 30 மி.கி. போலத்தான், இரண்டு மூன்று வாரத்தில் காலி. அது இல்லாமல் மாவுச்சத்தோ குளுக்கோஸ் டிரிப்போ ஏற்றினால் மூளை பாதிக்கப்படும். கண் ஆடும், இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், குழப்பமாகப் பேசுவார்.

சிற்றாறு (உணவியல்):
அளவு கேட்டீர்கள். முதலில் எத்தனை நாள் என்று விசாரியுங்கள். 5 நாளுக்குக் குறைவு என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான சாப்பாடே போதும். 5 நாள் தாண்டினால் முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் வேண்டாம். 10 நாளுக்கு மேல் என்றால் ஆபத்து மிகுந்தவர்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 10 கலோரியில் தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் நைஸ் (NICE) என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டி. ஏறக்குறைய எதுவுமே இல்லாமல் 15 நாள் தாண்டியவருக்கு 5 கலோரிதான், அதுவும் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டு. முழுத் தேவைக்குப் போக 4 முதல் 7 நாள்.

50 கிலோ ஆளுக்கு 500 கலோரி என்றால் ஒரு நாள் முழுவதற்கும் அரிசி 40 கிராம், பால் 400 மி.லி., அவித்த முட்டை ஒன்று, தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. அவ்வளவே. அரிசியைக் குழையக் கஞ்சி வைத்து, ஆறேழு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். வீட்டில் ஒரு வேளைக்கு வைக்கும் சோறு, மரச்சீனி, தேங்காய் அரைத்த சாளைக் கறி சேர்ந்தால் 1000 கலோரி சாதாரணமாகத் தாண்டும், அதைக் கண்முன் வைத்துப் பாருங்கள்.

பாலைச் சேர்த்ததற்குக் காரணம் அதில் உள்ள பாஸ்பரஸ், 100 மி.லி.க்கு சுமார் 90 மி.கி. குடல் மெலிந்திருப்பதால் சிலருக்குப் பால் வயிற்றோட்டம் தரும். அப்போது தயிராக மாற்றுங்கள். குளுக்கோஸ் பொடியைக் குறிப்பில் இருந்தே அடித்துவிடுங்கள். வெறும் சர்க்கரை, ஒரு துளி பாஸ்பேட் கிடையாது, இதைவிட மோசமான முதல் உணவு இல்லை.

தூத்தூர்_கரை:
நன்றி அக்கா, நன்றி டாக்டர். இளநீர் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? கடலில் இருக்கும்போதே தாக்குப்பிடிக்க போட்டில் என்ன வைக்கலாம்? பச்சை மீன் எப்படியும் கிடைக்கும் என்கிறார்கள்.

வட்டக்கோட்டை (அவசர சிகிச்சை செவிலியர்):
இளநீர் கெட்டதல்ல, ஆனால் 100 மி.லி.யில் சுமார் 200 மி.கி. பொட்டாசியம் இருக்கும், சோடியம் குறைவு. தண்ணீர் இல்லாமல் காய்ந்தவருக்குச் சிறுநீரகம் அடிபட்டிருந்தால் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கலாம். சிறுநீர் போகிறதா என்று தெரியும் முன் மூன்று நான்கு இளநீரை வரிசையாக வெட்டிக் கொடுக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலக்கி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை 50 மி.லி. போல மெதுவாகக் கொடுப்பது பாதுகாப்பு. நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

கரையில் வரிசை இதுதான்: ஈர உடுப்பை மாற்றிக் கம்பளி போர்த்துங்கள், நம் வெயிலிலும் அவருக்கு உடம்பு குளிர்ந்துபோகும். தயமின் 100 மி.கி. மாத்திரை இருந்தால் இரண்டு, கஞ்சிக்கு அரை மணி நேரம் முன்பாக. சாதாரண பி காம்ப்ளெக்ஸில் தயமின் மிகக் குறைவு, அதை நம்பாதீர்கள். பிறகு நேராக ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அங்கே "இத்தனை நாள் சாப்பிடவில்லை, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாஸ்பேட் பெரும்பாலும் சாப்பிடத் தொடங்கி முதல் மூன்று நாளுக்குள் இறங்கும், அதனால் தினமும் பார்க்க வேண்டும். நாடி 50-இல் இருந்தவருக்கு அது திடீரென 100-க்குப் போனாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லணும். முதல் வாரத்தில் எடை சரசரவென ஏறினால் அது பெரும்பாலும் நீர். "ஆள் தேறிட்டார்" என்று சந்தோஷப்படத்தான் தோன்றும்.

கடலில்: கடல் நீரில் உப்பு 3.5 சதவீதம், சிறுநீரகத்தால் 2 சதவீதம் அளவுக்குத்தான் செறிவாக்கி வெளியேற்ற முடியும். ஒரு லிட்டர் குடித்தால் அதைவிட அதிக நீரை இழப்பீர்கள். பச்சை மீன், குடிநீர் இருந்தால் மட்டும். புரதம் எரிந்து வரும் யூரியாவை வெளியேற்றவே தண்ணீர் செலவாகும். மாவுச்சத்து நேர் எதிர். உயிர்காப்புத் தெப்ப உணவை 1940-களில் ஆராய்ந்த ஜேம்ஸ் கேம்பிள், தினம் 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால் உடம்பின் புரத இழப்பு பாதியாகக் குறைவதையும் தண்ணீர் மிச்சமாவதையும் காட்டினார். நம் ஊருக்கு அது கருப்பட்டிதான். ஆளுக்கு நாளுக்கு 100 கிராம், 10 பேருக்கு 10 நாளுக்கு 10 கிலோ. ஈரம் பட்டால் இளகிவிடும், மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். அதோடு மழை பிடிக்கத் தார்ப்பாய்.

தூத்தூர்_கரை:
குளுக்கோஸ் கூடாது, கருப்பட்டி கூடும் என்றால் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்களே?

வட்டக்கோட்டை:
முதல் நாளில் இருந்தே தினம் கொஞ்சமாகத் தின்றால் உடம்பு முழுப்பட்டினிக்குள் போகாது. அதனால் போட்டு நின்ற அன்றே பங்கு பிரிக்கணும். 15 நாள் ஒன்றுமில்லாமல் கிடந்தவருக்கு அதே கருப்பட்டியும் ஆபத்துதான்.

வேளிமலை:
ஒரு வரி சேருங்கள். சர்க்கரை நோய் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தவர், மீண்டு வந்ததும் பழைய அளவில் தானாகத் தொடங்கக் கூடாது. குறிப்பாக கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைகள். கல்லீரலில் சேமிப்பு இல்லாத ஆளுக்கு ஒரு மாத்திரையிலேயே சர்க்கரை 50-க்குக் கீழே இறங்கலாம். மருந்துச் சீட்டின் நகலை வீட்டில் வைத்திருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.