டிராஜன் தூணின் உச்சிச் சிற்பங்கள் யார் பார்ப்பதற்காகச் செதுக்கப்பட்டன?

கேள்வி – பளிங்குப்படி

ரோமானியப் பேரரசின் கலையைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும், பேரரசரின் அதிகாரத்தை மக்கள் மனத்தில் பதிய வைத்த பிரசாரக் கருவி அது என்ற விளக்கமே முதலில் வருகிறது. முதல் பேரரசரான அகஸ்டஸின் சிலைகளுக்கும் வெற்றி வளைவுகளுக்கும் நாணயங்களுக்கும் அந்த விளக்கம் பொருந்துவதாகவே எனக்கும் தோன்றியது. ஆனால் கி.பி. 113-இல் ரோம் நகரில் திறக்கப்பட்ட, பேரரசர் டிராஜனின் தூணின் படங்களை அண்மையில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஐயம் எழுந்தது. ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள அந்தத் தூணின் மீது புடைப்புச் சிற்பப் பட்டை ஒன்று கீழிருந்து மேலாக 23 சுற்றுகள் சுற்றி ஏறி, 101 முதல் 106 வரை நடந்த இரண்டு டேசியப் (இன்றைய ருமேனியப் பகுதி) போர்களையும் காட்சி காட்சியாகச் சொல்கிறது. தரையில் நிற்பவருக்குக் கீழே உள்ள சில சுற்றுகள்தாம் தெளிவாகத் தெரியும். கதையை வரிசையாகத் தொடர வேண்டுமானால் தூணைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். டேசிய மன்னன் டெசிபாலஸ் ரோமானியக் குதிரை வீரர்கள் தன்னைச் சூழ்ந்துகொண்ட நிலையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சி, முழுக் கதையின் உச்சம். அதுவோ ஏறக்குறைய தூணின் உச்சியில் இருக்கிறது.

யாராலும் சரியாகப் பார்க்க முடியாத ஒன்று பிரசாரம் ஆவது எப்படி? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – தூணடி

நல்ல கேள்வி, அறிஞர்களும் நெடுங்காலமாக இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தூணின் இரு பக்கமும் நூலகங்கள் இருந்தன, அவற்றின் மேல்தளத்திலிருந்து பார்த்திருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அப்படியே வைத்துக்கொண்டாலும் நடுச்சுற்றுகள் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்திருக்குமே தவிர உச்சி எட்டியிருக்காது.

தூணின் அடிப்பீடத்தில் உள்ள கல்வெட்டைப் படித்தால் விடை வேறு திசையில் கிடைக்கிறது என்பது என் கருத்து. செனட் அவையும் ரோமானிய மக்களும் டிராஜனுக்கு இதை எடுப்பித்ததாகக் கூறும் அந்தக் கல்வெட்டு, போரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், இவ்வளவு பெரிய பணிகளுக்காக எவ்வளவு உயரமான குன்று வெட்டி அகற்றப்பட்டது என்பதைக் காட்டவே தூண் நிற்கிறது என்கிறது. அதாவது, அதை எடுப்பித்தவர்கள் தங்கள் வாயாலேயே சொன்ன செய்தி உயரம்தான். படிக்க முடிகிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். கண்ணுக்கு எட்டாத இடத்திலும் அதே நுணுக்கத்தோடு செதுக்கச் செய்யும் அளவுக்குச் செல்வமும் ஆள்பலமும் இந்த மனிதரிடம் இருந்தன என்பதைக் கீழே நிற்பவர் உணர்ந்தால் போதும்.

கண்ணுக்கு எட்டும் கீழ்ச்சுற்றுகளில் என்ன இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். போர்க்களத்தைவிட, வீரர்கள் மரம் வெட்டுவதும் கோட்டைச் சுவர் எழுப்புவதும் ஆற்றின் மீது படகுப் பாலம் வழியே அணிவகுத்துக் கடப்பதும்தான் கண்ணில் படுகின்றன. பட்டை முழுவதிலும் ஏறத்தாழ 60 இடங்களில் டிராஜன் வருகிறார். படையினரிடம் உரையாற்றுகிறார், பலியிடுகிறார், தூதர்களை எதிர்கொள்கிறார், வேலையை மேற்பார்வையிடுகிறார். வாளெடுத்துத் தாமே வெட்டும் காட்சி ஒன்றுகூட இல்லை. எங்கே வெட்டிப் பார்த்தாலும் அவர் இருப்பார் என்பதால், கதை முழுவதையும் படிக்காதவருக்கும் யார் பொறுப்பில் இது நடந்தது என்பது தெரிந்துவிடும்.

பதில் – நாணயப்பித்தன்

தூணடி அவர்கள் குறிப்பிட்ட கல்வெட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது உயரம் அன்று, எடுப்பித்தவர் யார் என்பதே. பிரசாரம் என்றதும் மேலிருந்து ஓர் அலுவலகம் ஆணை பிறப்பித்தது போன்ற எண்ணம் வந்துவிடுகிறது. ரோமில் அப்படி ஓர் அலுவலகம் இருக்கவில்லை. அகஸ்டஸின் புகழ்பெற்ற அமைதிப் பலிபீடத்தைக் கி.மு. 13-இல் தீர்மானித்தது செனட் அவை, கி.மு. 9-இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. மாகாணங்களில் சிலை வைத்தவை பெரும்பாலும் அந்தந்த நகர அவைகளும் உள்ளூர்ச் செல்வர்களும்தாம். வரிச்சலுகை வேண்டியவர்களும், பக்கத்து நகரத்தை முந்த நினைத்தவர்களும், உள்ளபடியே நன்றி பாராட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று, ஹாட்ரியன் காலத்தில் கப்படோசியாவின் ஆளுநராக இருந்த அர்ரியன் பேரரசருக்கு எழுதிய அறிக்கை. கருங்கடல் கரையில் உள்ள டிராபெசஸ் நகருக்குச் சென்ற அவர், அங்கே நிற்கும் ஹாட்ரியனின் சிலை கடலைச் சுட்டிக்காட்டும் தோற்றத்தில் கம்பீரமாக இருந்தாலும் முகச்சாயல் ஒத்துவரவில்லை, வேலைப்பாடும் நன்றாக இல்லை, ஆகவே உங்கள் பெயருக்குத் தகுந்த ஒரு சிலையை அனுப்பிவையுங்கள் என்று எழுதுகிறார். பேரரசரின் முகம் தவறாக அமைந்த ஒரு சிலை ஓர் எல்லைப்புற நகரில் நின்றிருக்கிறது. ஆளுநர் நேரில் போய்ப் பார்க்கும்வரை எவரும் அதைத் திருத்தவில்லை. மார்க்கஸ் ஆரேலியஸுக்கு அவருடைய ஆசிரியர் ஃபிரான்டோ எழுதிய கடிதம் ஒன்றிலும், காசு மாற்றுவோர் கடைகளிலும் சன்னல்களிலும் முகப்புகளிலும் அவருடைய உருவங்கள் நிறைந்திருப்பதாகவும் அவற்றில் பெரும்பாலானவை மட்டமான வேலைப்பாடு என்றும் ஒரு குறிப்பு வருகிறது. அதிகாரம் இப்படித்தான் பரவியது: யாரும் கட்டளையிடாமலே கடைக்காரர் ஒருவர் பேரரசரின் படத்தைத் தன் கடையில் வைத்துக்கொண்டார்.

மையத்திலிருந்து எதுவுமே வரவில்லை என்று சொல்லமாட்டேன். அகஸ்டஸின் உருவச்சிலைகள் 200-க்கும் மேல் கிடைத்துள்ளன. நெற்றியில் விழும் முடிக்கற்றைகளைப் பாருங்கள். ஓரிடத்தில் கவை போலப் பிரியும், அதற்குப் பக்கத்தில் இடுக்கி போல ஒன்றை நோக்கி ஒன்று வளையும். இந்த ஒழுங்கு ஸ்பெயினிலும் ஆசியா மைனரிலும் ஒன்றாகவே இருப்பதால், சிற்பிகளின் கையில் ஏதோ ஒரு மூல மாதிரி இருந்தது என்பது உறுதி. கி.பி. 14-இல் 76-ஆம் வயதை எட்டவிருந்த நேரத்தில் அவர் இறந்தார். ஆனால் முதுமையில் செய்யப்பட்ட சிலைகளிலும் அந்த இளைஞர் முகம் மாறவேயில்லை. அதற்கு நேர்மாறாக, நீரோவுக்குப் பின் 69-இல் ஆட்சியைப் பிடித்த வெஸ்பாசியன் வழுக்கைத் தலையும் சுருங்கிய நெற்றியுமாகத் தம்மைக் காட்டிக்கொண்டார். ஆடம்பரமான இளைஞரின் காலம் முடிந்தது, உழைத்துக் களைத்த படைத்தலைவர் வந்துவிட்டார் என்று எந்தச் சொற்பொழிவும் இல்லாமலே அந்த முகம் சொல்லிவிடுகிறது.

நாணயத்தின் கதை வேறு. ரோம் நகர நாணயச்சாலை பேரரசின் நேரடிப் பிடியில் இருந்தது. யூதேயாவை அடக்கியதைக் கொண்டாடும் வெஸ்பாசியன் காலக் காசுகளில், பேரீச்சை மரத்தடியில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் பெண்ணைக் காணலாம். எழுத்தறியாதவருக்கும் அது புரிந்திருக்கும்.

பதில் – கல்லுளி

மேலே உள்ள இரண்டு பதில்களும் செய்தவர்களைப் பற்றிப் பேசுகின்றன. பார்த்தவர்கள் அந்த உருவங்களை எப்படி நடத்தினார்கள் என்பதிலிருந்தும் இந்தக் கேள்வியை அணுகலாம். எனக்கு அதுவே வலுவான சான்றாகத் தோன்றுகிறது.

அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசரான திபேரியஸ் ஆட்சியில், அகஸ்டஸின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிவறைக்குள் கொண்டுசென்றதுகூட மரண தண்டனைக்குரிய குற்றமாகக் கொள்ளப்பட்டது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அவர் மிகைப்படுத்தியிருக்கலாம் என்று கழித்துக்கொண்டாலும், உருவத்துக்குச் செய்யும் அவமதிப்பு ஆளுக்கே செய்வது என்ற எண்ணம் நிலவியது தெளிவு. பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு அதை மறுத்தவர்களைச் சோதிப்பதற்காக, டிராஜனின் உருவத்தின் முன் தூபமிட்டு மது படைக்கச் சொன்னார். ஓர் உருவத்தின் முன் இரண்டு நிமிடம் என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்து உங்கள் விசுவாசம் அளக்கப்பட்டது. கி.பி. 40-இல் ஜெருசலேம் ஆலயத்தில் தம் சிலையை வைக்கும்படி பேரரசர் காலிகுலா ஆணையிட்டபோது யூதர்கள் உயிரைக் கொடுக்கவும் துணிந்து எதிர்த்தார்கள். சிரியாவின் ஆளுநர் பெட்ரோனியஸ் அந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டு காலிகுலா கொல்லப்பட்டதால் சிலை வைக்கப்படாமலே போயிற்று.

எதிரிகளும் இந்த மொழியை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கி.மு. 25 வாக்கில் ரோமானிய எகிப்தின் தென் எல்லையைத் தாக்கிய குஷ் நாட்டுப் படை, அகஸ்டஸின் வெண்கலச் சிலை ஒன்றின் தலையை வெட்டி எடுத்துச் சென்றது. மெரோயி நகரில் வெற்றியைக் கொண்டாடும் ஒரு கட்டடத்தின் படிக்குக் கீழே, உள்ளே நுழைபவர் ஒவ்வொருவரும் மிதித்துச் செல்லும்படி, அது புதைக்கப்பட்டது. 1910-இல் தோண்டியெடுத்தபோது கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள்கூட அப்படியே இருந்தன. வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டுப் போக, அவமதிக்கப்பட்ட இந்தத் தலை பிழைத்துக்கொண்டது.

ரோமானியர்களே செய்த அழிப்பும் இதே வகைதான். 211-இல் தம்பி கீட்டாவைக் கொல்வித்த பேரரசர் காரகல்லா, அவன் பெயரையும் முகத்தையும் எங்கும் நீக்கச் செய்தார். ரோமில் உள்ள, அவர்களுடைய தந்தை செப்டிமியஸ் செவெரஸின் வளைவின் கல்வெட்டில் நான்காம் வரி மாற்றி எழுதப்பட்டது. ஆனால் பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய துளைகள் இன்றும் தெரிவதால், அழித்தது யார் பெயரை என்பதைப் படித்துவிடலாம்.

பளிங்குப்படி

மூவருக்கும் நன்றி. அடிப்பீடக் கல்வெட்டை நான் படிக்காமலே கேள்வி கேட்டிருக்கிறேன். இதையொட்டி இன்னொன்று: கான்ஸ்டன்டைன் வளைவில் முந்தைய பேரரசர்களின் சிற்பங்களைப் பெயர்த்துப் பதித்திருக்கிறார்களே, அது அதிகாரத்தின் வெளிப்பாடா, நல்ல சிற்பிகள் கிடைக்காததன் விளைவா?

தூணடி

இரண்டுக்கும் இடமுண்டு, அவசரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 312-இல் ரோமின் மில்வியப் பாலத்தருகே கான்ஸ்டன்டைன் வென்ற போர் முடிந்தது, அந்த வெற்றியைக் கொண்டாடும் வளைவு 315-இல் தயாராகிவிட்டது. ஆனால் எடுத்த இடங்களைப் பார்த்தால் தற்செயல் என்று சொல்ல முடியவில்லை. டிராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் ஆரேலியஸ் என நல்லாட்சிக்குப் பெயர்பெற்ற மூவரின் சிற்பங்களைத்தான் எடுத்திருக்கிறார்கள். அவற்றில் பேரரசரின் தலையைத் திருத்திச் செதுக்கவும் செய்திருக்கிறார்கள். வெறும் கல் தட்டுப்பாடு என்றால் கையில் அகப்பட்டதைப் பதித்திருப்பார்கள்.

புதிதாகச் செதுக்கிய குறும்பட்டையையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். மன்றத்து மேடையில் கான்ஸ்டன்டைன் நேர்முகமாக நின்று பேசுகிறார். கூட்டத்தினர் இருபுறமும் குள்ளமாக, ஒரே அச்சில் வார்த்தவர்கள் போல அடுக்கப்பட்டிருக்கிறார்கள். மேடையின் இரு முனைகளிலும் அமர்ந்த நிலையில் இரண்டு சிலைகள் காட்டப்பட்டுள்ளன. அவை ஹாட்ரியனும் மார்க்கஸ் ஆரேலியஸும் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள்.