மறு: மறு: ‘கண்ட்ரோல் ஃபீல்’ – கைப்பதம்?

> ‘கட்டுப்பாட்டு உணர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா, தன்னடக்கம் என்று படித்துவிடுவார்கள். உணர்வு இயக்குபவரிடம் இருப்பது. நாம் பெயர் தேடுவதோ, ஆங்கிலத்தில் ‘கண்ட்ரோல் ஃபீல்’ எனப்படும் கோலின் பண்புக்கு: விமானம் போன்றவற்றின் இயக்குகோலைத் தள்ளும்போது அது கைக்குக் காட்டும் எதிர்ப்பு. எவ்வளவு தள்ளினால் எவ்வளவு நகர்கிறது என்பதை நியூட்டனிலும் மில்லிமீட்டரிலும் அளந்து வரைந்துவிடலாம். ‘தொடுவுணர்வு’ தோலோடு நின்றுவிடும். கோல் எங்கே நிற்கிறதென்று கைக்குச் சொல்பவை தசையும் மூட்டும். மண்ணின் பதம், இரும்பின் பதம் என்கிறோமே, அந்தப் ‘பதம்’ பொருளின் நிலையையும் அதை அறியும் கையையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே கைப்பதம்.

அதன் கூறுகளில் ‘பிரேக்அவுட் ஃபோர்ஸ்’ என்பதற்கு ‘முறிவு விசை’யை விட்டுவிடுவோம், கோலே ஒடிந்ததுபோல் இருக்கிறது. நடுநிலையிலிருந்து அசைக்கத் தேவைப்படுவது ‘கிளம்புவிசை’. இது மிகக் குறைந்தால் கை தற்செயலாகப் பட்டாலே கோல் நகரும். மிகுந்தால் சிறு திருத்தம் செய்ய முடியாது: அழுத்தி அழுத்தி, கிளம்பியதும் வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். அதன்பின் வரும் சுருள்வில் தளர்வாக இருந்தால் இன்னும் மோசம். உராய்வு வில்லின் விசையை மிஞ்சினால் கோல் நடுவுக்குத் திரும்பாமல் வழியிலேயே நிற்கும். கோல் அசைந்தும் எதுவும் நகராத இடைவெளியை, மெக்கானிக்குகள் ‘ப்ளே’ என்பதை, ‘வெற்றாட்டம்’ எனலாம். அந்த இடைவெளியில் பலன் தெரியாததால் இயக்குபவர் கூடுதலாகத் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் இழுத்து, அலைபாய்வார்.

---

> ஆகவே கைப்பதம்.

கிளம்புவிசை, வெற்றாட்டம் இரண்டுக்கும் என் வாக்கு. கைப்பதத்தில் மட்டும் இரண்டு கேள்விகள்.

எஃப்-16 போர்விமானத்தில் முதலில் வைத்த பக்கக்கோல் (விமானியின் பக்கவாட்டில் இருக்கும் இயக்குகோல்) அசையவே அசையாது, கையின் விசையை மட்டும் அளக்கும். எவ்வளவு இழுத்தோம் என்று விமானிக்குப் பிடிபடாததால் பின்னர் சிறிது அசைவு கொடுத்தார்கள். அசையாத கோலுக்கும் பதம் உண்டா? உண்டு என்பேன்: மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்னும் ‘விசைவீதம்’ அங்கே வரைகோட்டில் செங்குத்தாகிவிடுகிறது, அவ்வளவே.

மற்றது, காலால் இயக்கும் மிதி. அதற்குக் கைப்பதம் எப்படிப் பொருந்தும்? ‘இயக்குபதம்’ பொதுச்சொல்லாகட்டும், அதன்கீழ் கைப்பதம், மிதிபதம்.

இறக்கை, வால் பலகைகளை முழுக்க ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) விசையே அசைக்கும் விமானங்களில் காற்றின் எதிர்ப்பு கைக்கு வராது. வில்லும் இயந்திரமும் வைத்து அதை உண்டாக்குகிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்து விமான விதி 25.173, ஒவ்வொரு 6 நாட் (விமான வேக அலகு) வேக மாற்றத்துக்கும் சராசரியாக 1 பவுண்டுக்குக் குறையாத கோல்விசை கேட்கிறது. எதிர்ப்பை இப்படி உண்டாக்கும் ஏற்பாட்டுக்குச் ‘செயற்கை உணர்வு’ என்று எழுதினால் ரோபோவுக்கு மனம் வந்ததுபோல் ஆகும். ‘செயற்கைப் பதம்’ என்றால் வேலை முடிந்தது.