வயசான நாய், கூடின எடை, மடங்காத கால்: குமரி மாவட்டத்து நாய் வளர்ப்போர் பகிர்ந்தவை (பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஊர்ப் பெயரே அடையாளம்)

நாகர்கோவில் பயிற்சியாளர்:

கண்ணால் பார்த்து எடையை முடிவு செய்யாதீர்கள். லேப் (லாப்ரடார்), பொமரேனியன் மாதிரி ரோமம் அடர்ந்த நாய்களில் கண் கட்டாயம் ஏமாற்றும். விலாவைக் கையால் தடவுங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் நெஞ்சுக்குப் பின்னால் வயிறு மேலேறிப் போக வேண்டும். டாக்டர்கள் இதை 9 புள்ளி அளவில் சொல்வார்கள். 4, 5 சரியான உடல். 5-க்கு மேலே ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் எடை என்று கணக்கு.

42 கிலோ லேப், புள்ளி 8 என்றால் 30 சதவீதம் கூடுதல். 42-ஐ 1.3-ஆல் வகுத்தால் 32. அதுதான் இலக்கு. இதை எழுதி பிரிட்ஜில் ஒட்டுங்கள். வீட்டில் நாலு பேர் சோறு வைக்கிற இடத்தில் இலக்கு ஒருவர் மனசில் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை.

குலசேகரம் ரப்பர்:

எடை பார்க்க இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ரப்பர் ஷீட் வாங்குகிற கடையில் தரையோடு கிடக்கிற பிளாட்பாரத் தராசு போதும். காலையில், சாப்பாட்டுக்கு முன்னால், ஆள் கூட்டம் வருவதற்குள் கொண்டு போங்கள். தட்டில் ஒரு சாக்கைப் போட்டு, அதன் எடையைக் கழித்துவிட்டு நாயை ஏற்றுங்கள். வெறும் இரும்புத் தகட்டில் நகம் வழுக்கினால் அடுத்த வாரம் அது ஏறவே ஏறாது. வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே தராசு. வீட்டுத் தராசில் தூக்கிக்கொண்டு நிற்பது 15 கிலோ வரைக்கும் சரிவரும்; அதற்கு மேலே உங்கள் இடுப்பு போய்விடும்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். 42 கிலோவுக்கு 400 முதல் 800 கிராம். வயசான நாயில் 1 சதவீதத்தை ஒட்டியே போங்கள், வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். மூட்டைத் தாங்குவதே தொடைத் தசைதான். அந்தக் கணக்கில் 32-க்கு வர ஆறு, ஏழு மாதம் ஆகும்.

தக்கலை:

சாப்பாட்டுக் கணக்கு போனிலேயே போடலாம். இலக்கு எடையை மூன்று தடவை பெருக்குங்கள் (32 × 32 × 32 = 32,768). வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் 13.45 வரும். 70-ஆல் பெருக்குங்கள்: 942 கலோரி. எடை குறைக்கிற நாய்க்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தொடக்கம். இலக்கு எடையைப் போட வேண்டும். இப்போதைய 42-ஐப் போட்டால் 1,150-க்கு மேலே போகும், பலபேர் அதில்தான் சறுக்குகிறார்கள். கருத்தடை செய்த நாய்க்குத் தேவை இன்னும் குறைவு.

942-க்கு வீட்டுச் சாப்பாடு ஏறக்குறைய இப்படி: வெந்த சோறு 200 கிராம் (260), தோலும் எலும்பும் இல்லாத வெந்த கோழி நெஞ்சுக்கறி 250 கிராம் (410), அவித்த முட்டை 1 (75), தடியங்காயும் (வெண்பூசணி) பீன்ஸும் அவித்தது 300 கிராம் (60), மீன் எண்ணெய்க்கு 40. மிச்சம் 97 கலோரிதான் தின்பண்டம். எதையும் கிண்ணத்தால் அளக்காதீர்கள். கிண்ணத்தில் அமுக்கி வைத்த சோறும் தூவி வைத்த சோறும் ஒன்றல்ல. கிராம் தராசு வாங்குங்கள்.

இந்தச் சாப்பாட்டில் கால்சியம் கிடையாது, சில சத்துகளும் போதாது. மாதக்கணக்கில் கொடுப்பதானால் டாக்டரிடம் காட்டி கால்சியமும் விட்டமினும் சேர்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் எடை குறைப்பதற்கென்றே விற்கிற மருத்துவத் தீனி. பழைய தீனியையே பாதியாகக் குறைப்பது மோசமான வழி, கலோரி குறைகிற அளவுக்குப் புரதமும் தாதுவும் சேர்ந்து குறையும்.

மார்த்தாண்டம் அக்கா:

கணக்கெல்லாம் சரி, தக்கலை அண்ணே. நம்ம வீடுகளில் எடை கூடுவது அந்தத் தட்டினால் இல்லை. சாயங்காலம் சாயாவோடு மாரி பிஸ்கட் ஆறு: 140 கலோரி. தேங்காய் துருவும்போது காலடியில் நிற்கும், ஒரு கீற்று: 30 கிராமே 100 கலோரி. சோறு மணக்கட்டும் என்று ஒரு கரண்டி எண்ணெய்: 120. மொத்தம் 360, அதாவது ஒரு நாள் பங்கில் மூன்றில் ஒன்றுக்கும் மேலே. இதை யாரும் "சாப்பாடு" என்று எண்ணுவதே இல்லை. அப்புறம் "ஒருநேரச் சோறுதான் போடுறோம், பின்னெயும் ஊதுது" என்று டாக்டரிடம் சொல்வது.

பாட்டிமார் கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் நடக்காது. கொடுப்பதை மாற்றலாம். காலையிலேயே அன்றைக்குள்ள பங்கிலிருந்து 40 கிராம் கோழியைப் பிய்த்து ஒரு டப்பாவில் போட்டுப் பாட்டி கையில் கொடுங்கள். டப்பா தீர்ந்தால் அன்றைக்கு முடிந்தது. வெள்ளரிக்காய்த் துண்டு, பச்சைக் காரட் எவ்வளவு கொடுத்தாலும் பெரிய கேடில்லை.

கிறிஸ்துமஸ் கேக்கில் உலர்திராட்சை இருக்கும், பாயசத்திலும் இருக்கும். நாயின் சிறுநீரகத்துக்கு அது விஷம், அளவு சின்னது என்று விடக்கூடாது. மீன் குழம்புச் சோற்றிலே வெங்காயம், பூண்டு, தேங்காய் மூன்றும் இருக்கு. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

குலசேகரம் ரப்பர்:

கிழங்கு பற்றி யாரும் சொல்லவில்லையே. மரச்சீனி (மரவள்ளி) 100 கிராம் வெந்ததில் சோற்றுக்குச் சமமாகவோ கூடவோ மாவுச்சத்து உண்டு, புரதம் கிட்டத்தட்ட இல்லை. எடை குறைக்கிற நாய்க்கு அது வேண்டவே வேண்டாம். கொடுத்தே பழகிய நாய் என்றால் சோற்றுக்குப் பதிலாகக் கொடுங்கள், சோறோடு சேர்த்து அல்ல. நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். கசக்கிற கட்டுக் கிழங்கில் சயனைடு கூடுதல். தொலி, இலை, பச்சைக் கிழங்கு எதுவும் நாய்க்கு எட்டக் கூடாது.

குளச்சல்:

மூட்டுக்கு மீன் நல்லது என்கிறார்கள், பாதிதான் சரி. சாளையில் (மத்தி மீன்) ஒமேகா 3 உண்டு. மூட்டு வீக்கத்தைத் தணிக்க அது உதவுவது உண்மை. ஆனால் நெய்ச்சாளைக் காலத்தில் கொழுப்பும் கூடும். வாரம் இரண்டு, மூன்று நாள், ஒரு நேரக் கோழிக்குப் பதிலாக 100 கிராம் வையுங்கள். உப்பு, புளி, மிளகாய் இல்லாமல் குக்கரில் கால் மணி நேரத்துக்கு மேலே வேகவையுங்கள். முள்ளை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். மாவாகவில்லை என்றால் இன்னும் வேகட்டும்.

எங்கள் பக்கம் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுத் தடைக்காலம். மீன் விலை ஏறும்போது சிலர் கருவாட்டுக்கு மாறுவார்கள். செய்யாதீர்கள், வயசான நாயின் இதயமும் சிறுநீரகமும் அந்த உப்பைத் தாங்காது. அந்த மாதங்களில் மீன் எண்ணெய் மாத்திரைதான் சுலபம். மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 1,000 மில்லிகிராம் மாத்திரையில் இபிஏ, டிஹெச்ஏ என்கிற இரண்டு ஒமேகா 3 வகையும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும். டாக்டர் அந்த இரண்டும் சேர்த்து 2,000 மில்லிகிராம் என்று எழுதினால் ஏழு மாத்திரை, அதுவே 60 கலோரிக்கு மேலே. கால் பங்கில் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான். காட் லிவர் எண்ணெயை இந்த அளவில் கொடுக்கவே கூடாது. விட்டமின் ஏ, டி இரண்டும் மிஞ்சிப் போகும்.

சிப்பி பற்றியும் கேட்கிறார்கள். மூட்டுக்கு விற்கிற பொடி நியூசிலாந்தின் பச்சை உதட்டுச் சிப்பியில் செய்வது. இனையம் பாறையில் எடுக்கிற நம்ம சிப்பி வேறு இனம். அவித்துக் கொடுத்தால் கொழுப்பு குறைந்த நல்ல புரதம், அவ்வளவுதான். மருந்து என்று நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

கிளினிக் உதவியாளர், நாகர்கோவில்:

காலை இழுத்தால் உடனே மூட்டுத் தேய்மானம் என்று எழுதிவிடக் கூடாது. ரப்பர் தோட்டம், புல்மேடு பக்கத்து நாய்களில் உண்ணிக் காய்ச்சல் அதே மாதிரி வரும். வித்தியாசம்: இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால் என்று நொண்டல் மாறும், காய்ச்சல் இருக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம். தேய்மானத்தில் காய்ச்சல் கிடையாது. காலையில் எழும்பும்போது விறைப்பு, நாலடி நடந்ததும் இளகும், நெடுநேரம் நடந்தால் திரும்பவும் பிடிக்கும். உண்ணிக் காய்ச்சல் என்றால் பிளேட்லெட் எண்ணிக்கையோடு ரத்தப் பரிசோதனை, வழக்கமாக 28 நாள் மருந்து. ஒரு வாரத்தில் நாய் துள்ளுகிறதென்று நிறுத்தினால் திரும்பி வரும்.

எடையிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். அளந்து வைத்தும் குறையவில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுகிறது, வால் எலிவால் ஆகிறது, வெயில் தேடிப் படுக்கிறது என்றால் தைராய்டு பாருங்கள். தைராய்டு ஹார்மோனான டி4 மட்டும் பார்த்தால் போதாது, அதைத் தூண்டுகிற டிஎஸ்ஹெச்சும் வேண்டும். வேறு நோயிலும் டி4 தாழும். தண்ணீர் குடம் குடமாகக் குடித்து, மூச்சிரைத்து, வயிறு மட்டும் தொங்கினால் அட்ரீனல் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். வயிறு ஒரு மாதத்தில் திடீரென்று உப்பினால் அது கொழுப்பு இல்லாமல் நீராக இருக்கலாம், அன்றைக்கே டாக்டர். எக்ஸ்ரே, அதற்கு மேலான பரிசோதனைக்கு திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் ஈரலை. டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்கு இந்தியாவில் 2006-லேயே தடை செய்தாயிற்று. அது பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பாற்ற. நாய்க்கு எழுதுவது பெரும்பாலும் கார்ப்ரோஃபென் அல்லது மெலாக்சிகாம். தொடங்குமுன் ஈரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டோடு சேர்க்கவே கூடாது. வாந்தி, கறுத்த மலம் கண்டால் நிறுத்திவிட்டுப் போன் பண்ணுங்கள். அளவு கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. நாய் 42-லிருந்து 36-க்கு வந்த பிறகும் பழைய சீட்டையே காட்டி வாங்கினால் மருந்து மிஞ்சுகிறது.

தக்கலை:

மருந்துக்கு முன்னாலேயே எடை வேலை செய்யும் என்பதற்கு ஆய்வு உண்டு. மூட்டு நோயுள்ள பருத்த நாய்களில் 6 சதவீதம் சொச்சம் எடை குறைந்ததுமே நொண்டல் தெளிவாகக் குறைந்தது. 42 கிலோவுக்கு அது இரண்டரை கிலோ. 2002-ல் வெளிவந்த இன்னொன்று: 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து இணைஇணையாக வளர்த்தார்கள். கூட்டாளியைவிட 25 சதவீதம் குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுக்கு வைத்தியம் தேவைப்பட்டதும் தள்ளிப் போயிற்று. லேப் எப்போதும் பசி பசி என்று நிற்பதற்கு மரபணுவும் காரணம்; ஏறக்குறைய நாலில் ஒரு லேபுக்கு அந்த மாற்றம் இருப்பதாக 2016-ல் கண்டார்கள். அதனால் அது பார்க்கிற பார்வையை வைத்து அளவை மாற்றாதீர்கள்.

கன்னியாகுமரி சாலை, சுசீந்திரம்:

புது வீடுகளில் பளபளக்கிற டைல்ஸும் நொண்டலைக் கூட்டும். பின்னங்கால் விரிந்து வழுக்கும்போது இடுப்பு மூட்டு ஒவ்வொரு தடவையும் இழுபடும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ரப்பர் அடி போட்ட விரிப்பு போடுங்கள். தென்னை நார் விரிப்பு என்றால் அடியில் வழுக்காத வலை வேண்டும், இல்லாவிட்டால் விரிப்பே சறுக்கும். நகம் நடக்கும்போது தரையில் "டக் டக்" என்றால் நீளம். விரலிடை ரோமத்தையும் வெட்டுங்கள்.

திண்ணை 45 செ.மீ. உயரம் என்றால் பலகை 150 செ.மீ. நீளமாவது வேண்டும், சரிவு 18 டிகிரிக்குள் நிற்கும். 90 செ.மீ. பலகை போட்டுவிட்டு நாய் ஏறவில்லை என்று திட்டக் கூடாது. மேலே ரப்பர் விரிப்பை ஆணி தலை தெரியாமல் அடியுங்கள். படுக்கை தரையிலிருந்து 10 செ.மீ. உயர்ந்த பலகையில் இருக்கட்டும். நமக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூன் முதல் டிசம்பர் வரை தரை ஈரம் காயாது.

குளச்சல்:

கடலில் நீந்தவிட்டால் மூட்டுக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் கரை அலைக்கு வயசான நாய் தாங்காது. ஈர மணலில் நடத்துங்கள். காய்ந்த மணல் கால் புதைந்து மூட்டைத் திருகும்.

நாகர்கோவில் பயிற்சியாளர்:

தண்ணீர் நல்ல வழிதான், ஆழம் தெரிந்து இறக்கினால். இடுப்பு அளவு தண்ணீரில் நின்றால் கால்மேல் விழுகிற பாரம் உடல் எடையில் 38 சதவீதம்தான். முழங்கால் அளவு என்றால் 85, கணுக்கால் அளவு என்றால் 91. ஆகக் கணுக்கால் தண்ணீரில் நடத்துவதால் பெரிய லாபம் இல்லை. சானலில் (பாசன வாய்க்கால்) இழுப்பு இருக்கும், குளத்துப் படியில் பாசி இருக்கும். சரிந்த மண்கரையுள்ள தேங்கிய இடம், நெஞ்சுப் பட்டையில் கயிறு, முதல் வாரம் 5 நிமிஷம். முடிந்ததும் காதைத் துடையுங்கள்.

தரையில் ஒரே நீண்ட நடை வேண்டாம். 10 நிமிஷமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை, காலை ஆறரைக்குள் முதலாவது. பருத்த நாய்க்கு நம் புழுக்கத்தில் இளைப்பு சீக்கிரம் வரும். தார் ரோட்டில் புறங்கையை 7 நொடி வைக்க முடியாவிட்டால் இறக்காதீர்கள். வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டலாம். மறுநாள் விறைப்பு கூடியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். பந்து எறிவதை அடியோடு விடுங்கள். பின்தொடைக்கு: சுவரோரம் உட்காரவைத்து எழுப்புவது, 5 தடவை, இரண்டு வேளை. கால் ஒருபக்கம் சரிந்து உட்கார்ந்தால் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

மார்த்தாண்டம் அக்கா:

ஆட்டோவில் ஏற்றுவதையும் சொல்லிவிடுங்களேன். முன்னங்கால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதைத்தான் எல்லா இடத்திலும் பார்க்கிறோம்.

கிளினிக் உதவியாளர், நாகர்கோவில்:

அப்படித் தூக்கினால் மொத்த எடையும் தோள் மூட்டிலும் முதுகிலும் தொங்கும். ஒருவர் தூக்குவதானால் ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், மற்றது தொடைக்குப் பின்னால். முதுகு மட்டமாக இருக்கணும். 25 கிலோவுக்கு மேலே இரண்டு ஆள். நடக்க உதவி மட்டும் போதுமென்றால் அகலமான குளித்துண்டை மடித்து அடிவயிற்றின் பின்பக்கம், தொடை தொடங்குகிற இடத்தை ஒட்டிக் கொடுத்து மேலே பிடியுங்கள். ஆண் நாய்க்குத் துண்டு குறியை அமுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிறுநீர் கழிக்க நிற்கும்போது தளர்த்துங்கள்.