ஆல்ஃபா 0.31 வருகிறது, யோகா குழுவில் மட்டும் பி 0.05-க்குக் கீழே: முடிவை எப்படி எழுதுவது?

மலர்_எம்எஸ்சி:
எம்.எஸ்சி. சைக்காலஜி ஆய்வேடு. முதலாம் ஆண்டு மாணவர்கள் 60 பேர். ஏ செக்‌ஷன் 30 பேருக்கு மூன்று வாரம் யோகா, பி செக்‌ஷன் 30 பேர் கண்ட்ரோல் (யோகா இல்லாத ஒப்பீட்டுக் குழு). மன அழுத்தத்தை அளக்க பிஎஸ்எஸ்-10 (பத்து ஐட்டம், அதாவது கேள்வி, கொண்ட வினாத்தாள்). முன்னும் பின்னும் கூகுள் ஃபார்மில் நிரப்பினார்கள். பத்து ஐட்டத்தையும் கூட்டி, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் குழு வாரியாக பெயர்டு டி-டெஸ்ட் (அதே ஆட்களின் முன், பின் ஸ்கோரை ஒப்பிடும் சோதனை) போட்டேன்.

யோகா: சராசரி 2.0 குறைந்தது, மாற்றத்தின் எஸ்டி (திட்ட விலக்கம்) 4.6, டி = 2.38, பி (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் வர வாய்ப்பு) = 0.024
கண்ட்ரோல்: சராசரி 1.3 குறைந்தது, எஸ்டி 4.4, டி = 1.62, பி = 0.12

யோகாவால் அழுத்தம் குறைந்தது, கண்ட்ரோலில் குறையவில்லை என்று எழுதலாமா? இன்னொன்று, ஆல்ஃபா (ஐட்டங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.31தான் வருகிறது. 0.7 வேண்டும் என்கிறார் கைடு. எந்த ஐட்டத்தைத் தூக்கலாம்?

அளவுகோல்:
எதையும் தூக்காதீர்கள். "பத்து ஐட்டத்தையும் கூட்டி" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். பிஎஸ்எஸ்-10-ல் 4, 5, 7, 8 நான்கும் நேர்மறைக் கேள்விகள். காரியங்கள் நினைத்தபடி நடக்கின்றன என்ற வகை. அதில் "அடிக்கடி" என்று குறித்தவருக்கு அழுத்தம் குறைவு. அந்த நான்கையும் திருப்பிப் போட்ட பிறகுதான் கூட்ட வேண்டும்.

0 முதல் 4 வரை கோடு செய்திருந்தால் புதிய மதிப்பு = 4 − பழைய மதிப்பு. கூகுள் ஃபார்மின் லீனியர் ஸ்கேலை 1-லிருந்து 5 வரை வைத்திருந்தால் முதலில் எல்லா ஐட்டத்திலும் 1 கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மொத்தம் 0–40-க்குப் பதில் 10–50 ஆகிவிடும், மற்ற ஆய்வுகளின் சராசரியோடு ஒப்பிடவே முடியாது. எஸ்பிஎஸ்எஸ்-ல் ட்ரான்ஸ்ஃபார்ம் → ரீகோட் இன்டு டிஃபரன்ட் வேரியபிள்ஸ். "சேம் வேரியபிள்ஸ்" பக்கம் போகவே வேண்டாம். மூலத் தரவு அழிந்துவிடும், தெரியாமல் இரண்டாம் முறை ஓட்டினால் மறுபடி பழைய மதிப்பே வந்து நிற்கும்.

சரிபார்ப்பதற்கு ரிலையபிலிட்டி அனாலிசிஸில் "ஸ்கேல் இஃப் ஐட்டம் டிலீட்டட்" டிக் செய்து, கரெக்டட் ஐட்டம்-டோட்டல் கோரிலேஷன் (ஓர் ஐட்டம் மற்றவற்றின் மொத்தத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது) பத்தியைப் பாருங்கள். திருப்ப விட்டுப்போன ஐட்டம் பெரும்பாலும் அங்கே மைனஸில் நிற்கும்.

ஆல்ஃபாவோடு இது முடியாது. ஒருவர் முன்தேர்வில் ஆறு எதிர்மறைக் கேள்விக்கும் 3, நான்கு நேர்மறைக்கும் 1 போட்டார் என்று வையுங்கள். சரியான மொத்தம் 18 + 12 = 30. பின்தேர்வில் அப்படியே மாற்றி 1-ம் 3-ம் போட்டால் 6 + 4 = 10. இருபது புள்ளி இறங்கியிருக்கிறார். திருப்பாமல் கூட்டினால் 22, பிறகு 18, நான்கு புள்ளிதான். முன்னேற்றத்தில் பெரும்பகுதியை நேர்மறைக் கேள்விகளே தின்றுவிடுகின்றன. ஆகவே நீங்கள் தந்த டி, பி எதுவும் இப்போதைக்குச் செல்லாது.

அப்படியே இதையும் பார்த்துவிடுங்கள்: முன், பின் இரண்டு ஷீட்டையும் ரோல் நம்பர் வைத்துச் சேர்த்தீர்களா, ஃபார்ம் வந்த வரிசையிலேயே ஒட்டினீர்களா? இரண்டாவது என்றால் ஒருவருடைய முன்தேர்வு இன்னொருவர் பின்தேர்வோடு ஜோடியாகியிருக்கும். முன்-பின் கோரிலேஷன் 0-ஐ ஒட்டி வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

தெற்குவீதி:
ஸ்கோரைத் திருத்தினால் எண்கள் மாறும். ஆனால் முடிவு எழுதும் முறையும் தவறு, அது தானாகச் சரியாகாது. ஒரு குழுவில் பி 0.05-க்குக் கீழே, மற்றதில் மேலே என்பதால் இரண்டு குழுவும் வேறுபடுகின்றன என்று ஆகாது. அந்த வேறுபாட்டை நீங்கள் சோதிக்கவே இல்லை.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். மாற்றங்களின் வித்தியாசம் 2.0 − 1.3 = 0.7. திட்டப் பிழைகள் 4.6/√30 = 0.84, 4.4/√30 = 0.80, இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 1.16. டி = 0.60, பி ஏறத்தாழ 0.55. 95% நம்பிக்கை இடைவெளி −1.6 முதல் 3.0 வரை. இதை வைத்து யோகாவுக்குத் தனிப் பலன் உண்டு என்று சொல்ல இடமில்லை. பலனே இல்லை என்று சொல்லவும் இடமில்லை, இடைவெளி அவ்வளவு அகலம்.

போட வேண்டியது அன்கோவா (முன்தேர்வு ஸ்கோரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பின்தேர்வில் குழுக்களை ஒப்பிடும் சோதனை): ஜெனரல் லீனியர் மாடல் → யுனிவேரியட், டிபெண்டன்ட் பின்தேர்வு, ஃபிக்ஸட் ஃபேக்டர் குழு, கோவேரியட் முன்தேர்வு. முதலில் குழு × முன்தேர்வு இன்டராக்‌ஷன் சேர்த்து ஓட்டி, முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் உள்ள கோட்டின் சரிவு இரு குழுவிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆனால் உங்கள் குழுக்கள் ரேண்டமாகப் பிரித்தவை அல்ல, ஏற்கெனவே இருந்த செக்‌ஷன்கள். முன்தேர்விலேயே இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் அன்கோவா ஒன்று சொல்லும், மாற்ற ஸ்கோரின் டி-டெஸ்ட் வேறொன்று சொல்லும். உளவியல் அளவீட்டு அறிஞர் ஃப்ரெடரிக் லார்ட் 1967-லேயே காட்டிய புதிர் இது. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, முரண்பட்டால் அதையும் எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், குழுவுக்கு ஒரே செக்‌ஷன். அந்த மூன்று வாரத்தில் பி செக்‌ஷனுக்கு மட்டும் இன்டர்னல் தேர்வு வந்திருந்தால் அதன் விளைவை யோகாவின் விளைவிலிருந்து எந்தச் சோதனையாலும் பிரிக்க முடியாது. வைவாவில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். "குவாசி எக்ஸ்பெரிமென்டல்" (ரேண்டமாகப் பிரிக்காத குழுக்களை வைத்த ஆய்வு) என்று செயல்முறை அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

மாதிரி அளவும் சிறியது. நடுத்தர விளைவை, அதாவது கோஹனின் டி (சராசரிகளின் வித்தியாசத்தை எஸ்டியால் வகுத்தது; மேலே வந்த டி வேறு) 0.5-ஐ, இரு குழு டி-டெஸ்ட்டில் 80% பவரோடு (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பிடிக்க குழுவுக்கு 64 பேர் வேண்டும். 30 பேர் என்றால் பவர் பாதிக்கும் கீழே. "குழுவுக்கு 30 போதும்" என்ற பேச்சு எத்தனை ஆய்வேட்டில் வந்தாலும் அது பவர் கணக்கு ஆகாது.

குறிப்பேடு:
ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பிஎஸ்எஸ் கேட்பது கடந்த ஒரு மாதத்தைப் பற்றி. உங்கள் யோகா மூன்று வாரம். முடிந்த அன்றே பின்தேர்வு வைத்திருந்தால், யோகா தொடங்குவதற்கு முந்தைய வாரமும் அந்தப் பதிலில் கலந்திருக்கும். பலன் இருந்தாலும் மங்கித்தான் தெரியும். குறைபாடுகள் பகுதியில் எழுதுங்கள்.

மலர்_எம்எஸ்சி:
மிக்க நன்றி. 1–5 என்றுதான் கோடு செய்திருந்தேன். எல்லாவற்றிலும் 1 கழித்து, நான்கையும் திருப்பிய பிறகு முன்தேர்வில் ஆல்ஃபா 0.79. ஷீட்களை ரோல் நம்பர் வைத்துத்தான் சேர்த்தேன். 7-வது ஐட்டத்தை நீக்கினால் 0.81 ஆகிறது, நீக்கலாமா?

அளவுகோல்:
வேண்டாம். 0.02-க்காக நீக்கினால் அது பிஎஸ்எஸ்-10 ஆக இருக்காது, மொத்தமும் 36-ல் நின்றுவிடும். 0.79 என்றே போடுங்கள், பின்தேர்வின் ஆல்ஃபாவையும் தனியாகக் கொடுங்கள்.